முதுகில் ரயில் ஓடினால் போதுமா?

பாக்கெட் கடிகாரத்தின் பின்மூடியில் ஒரு புகைவண்டி செதுக்கியிருந்தால் அது ரயில்வே கடிகாரம்தான் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் குறைந்தபாடில்லை. கடைசியாக என்னிடம் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ‘அமெரிக்க ரயில்வே அங்கீகாரம் பெற்றது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையச் சந்தையில் 42,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். பின்மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே இருந்தது 7 கல் (ஜுவல்) மெஷின். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்த ஓட்டுநரும் வண்டி ஏறியிருக்க முடியாது. “ரிட்டர்ன் கிடையாதுன்னு முன்னாடியே போட்டிருந்தாங்க சார். தப்பு என்மேலதான்” என்றார். தப்பு அவர்மேல் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருந்தாரே, அதுதான் தப்பு.

வரலாறு சுருக்கமாகப் போதும். 1891 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் கிப்டன் ஊரருகே இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று பிறகு ஓடியதே காரணம் என்பார்கள். அதன்பின் கிளீவ்லாந்து நகைக்கடைக்காரரான வெப் பால் என்பவரை வைத்து ரயில்வே கடிகாரங்களைச் சோதிக்கும் முறை வந்தது. முகத்துக்கு மூடி இல்லாதது, 16 அல்லது 18 சைஸ், குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் சரிபார்த்தது, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாதது என்று அளவுகோல்கள் உருவாயின. கைதவறி நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக, முள்ளைத் திருப்பத் தனி நெம்புகோல் வேண்டும் என்பதும் பின்னால் சேர்ந்தது.

அந்த நெம்புகோலை நீங்களே பார்க்கலாம். முன்கண்ணாடியின் வளையத்தைத் திருகி எடுங்கள். டயலின் ஓரத்தில், பெரும்பாலும் ஒன்று, இரண்டு மணிப் பக்கம், ஒரு மெல்லிய தகடு பதுங்கியிருக்கும். நகத்தால் அதை வெளியே இழுத்தபின் சாவித் திருகைச் சுற்றினால்தான் முள் நகரும். திருகை மேலே இழுத்தாலே முள் நகர்கிற கடிகாரம் என்றால் சந்தேகப்படுங்கள். பிறகு பின்மூடி. மெஷின்மேல் கல் எண்ணிக்கை, எத்தனை நிலைகளில் சரிபார்த்தது என்ற விவரம், வரிசை எண் எல்லாம் பொறித்திருக்கும். ஹாமில்டன் 992, வால்தம் வான்கார்டு, இல்லினாய் பன் ஸ்பெஷல் போன்றவற்றின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரித்த ஆண்டைச் சொல்லிவிடலாம். கூட்டை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் மெஷினும் கூடும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் விற்றன. வாங்குகிறவர் ரயில் படம் போட்ட கூட்டைக் கேட்டால் கடைக்காரர் அதில் பொருத்திக் கொடுப்பார். கூட்டின் உள்விளிம்பில் இரண்டு ஜோடி திருகுத் தடங்கள் இருந்தால் மெஷின் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே மூடியைத் திறந்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். அனுப்ப மறுக்கிற விற்பனையாளர் காரணம் சொல்லாமலே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

நம் ஊர் ரயில்வே முத்திரை உள்ள கடிகாரம் வேறு வகைத் தலைவலி. வண்டி கிளம்புமுன் கார்டு தன் கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, அந்த நேரத்தை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் ரயில்வேயின் பொது விதி. அப்படிப் பழகிய கடிகாரங்கள்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் ‘1935, சதர்ன் ரயில்வே, மெட்ராஸ்’ என்று ஒருவர் விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். நம் சதர்ன் ரயில்வே பிறந்ததே 1951 ஏப்ரல் 14 அன்றுதான். அதற்குமுன் இங்கே இருந்தவை சவுத் இந்தியன் ரயில்வே போன்ற வேறு கம்பெனிகள். இங்கிலாந்தில் 1923 முதல் 1947 வரை ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது. அதன் ‘எஸ்.ஆர்.’ முத்திரையைக் காட்டி எழும்பூர்க் கதை சொல்கிறவர்களும் உண்டு.

முத்திரை உண்மையாகவே இருந்தாலும் விஷயம் முடியவில்லை. 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து சட்டவிரோத உடைமைச் சட்டப்படி, திருடியதோ முறைகேடாகப் பெற்றதோ என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. தாத்தா விட்டுப்போன கடிகாரம் என்றால் அவருடைய பணிச் சான்று, ஓய்வூதிய உத்தரவு நகல் இரண்டையும் கடிகாரப் பெட்டியிலேயே வையுங்கள். ஏலத்தில் வந்தது என்றால் ஏலச் சீட்டின் நகல் வேண்டும். கடையில் வாங்கினால் கம்பெனிப் பெயர், மெஷின் எண், முத்திரை எழுத்து மூன்றும் குறித்த ரசீது வேண்டும். ‘பழைய வாட்ச் – 1’ என்று எழுதிய ரசீது ரசீதே அல்ல. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன், கேட்டவர்கள் சிலர்தான்.

இனி ஏமாந்தவர்களுக்கு. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று எழுதிவைத்தால் சட்டம் ஓடிவிடாது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்க முடியாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். அதே மின்னஞ்சலில் விற்பனையாளரின் முழு முகவரியையும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் தர வேண்டியது தளத்தின் கடமை. தொலைபேசியில் பேசி ‘பார்க்கிறோம்’ என்ற பதிலோடு திருப்திப்படாதீர்கள். பேச்சுக்குத் தடயம் இல்லை.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் ஜெய்ப்பூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். விளம்பரப் பக்கத்தின் படம், பணம் கட்டிய சான்று, பொட்டலத்தைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி, உரையாடல் முழுவதும், கடிகாரம் பழுதுபார்ப்பவர் மெஷின் எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டுத் தரும் குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள், புகார் போன மறுநாளே அது காணாமல் போகும். கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மறுவிற்பனைக்காக வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்ல. ‘நல்ல முதலீடு, அடுத்த வருஷம் இரட்டிப்பு விலைக்குத் தள்ளிடலாம்’ என்று விற்பனையாளருக்கே செய்தி அனுப்பிவிட்டு ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும். இணையக் குழுவில் அறிமுகமான தனிநபர் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்தைத் தேடி அலைய வேண்டாம். உடனே 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் பதியுங்கள். பணம் கணக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் முடக்க வாய்ப்பு.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மூலதனப் பொருள் அல்லாத பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். இது தெரியாமல் வரவழைத்து, பொட்டலம் சுங்கத்தில் நிற்க, வந்த நோட்டீஸைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ‘பரிசு’ என்று எழுதி வரியில்லாமல் வரவழைக்கும் வழியும் 2019 டிசம்பரிலேயே அடைபட்டுவிட்டது. நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுங்கள். ரசீதையும் பணம் கட்டிய சான்றையும் இணைத்து, நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். சுங்கச் சட்டம் 125-ஆம் பிரிவின்கீழ் அபராதம் கட்டி மீட்க அனுமதி கேளுங்கள். அலுவலர் வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்பார். உத்தரவை எழுத்தில் கேளுங்கள். காகிதம் இல்லாத உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை, அது அவருக்கும் தெரியும். எழுத்தில் கிடைத்தால் 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம்.

கடைசியாக, உடம்பு. சில பழைய டயல்களின் எண்களில் இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சு உண்டு. இப்போது ஒளிரவில்லையே என்று சுரண்டாதீர்கள். மங்கியது ஒளி தரும் துணைப்பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அப்படியொரு கடிகாரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்து வாயால் ஊதிய ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஆசிரியருக்குக் குறைதீர் அலுவலருக்கான மின்னஞ்சலை என் வீட்டில் உட்கார்ந்தே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அனுப்பவில்லையாம்.