ஊர் நடுவே ஒரு கலையரங்கம்: பணம் யார் தருகிறார்கள்?

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில் நீங்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் மையத்தில் இசைக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் பெரிய அரங்கம் ஒன்று கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நகர மன்றக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அறிவிப்பும் வந்துவிட்டது. உங்கள் முதல் சந்தேகம் என்னவாக இருக்கும்? "நம் வீட்டு வரி ஏறுமா?"

ஏறலாம், ஏறாமலும் போகலாம். பணம் எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்த வழிகளைக் காட்ட வட கரோலினாவின் டர்ஹம் நகரை எடுத்துக்கொள்கிறேன். அதை அடுத்துள்ள ராலே, கேரி பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள கலையரங்கம் பழக்கமானதுதான். பலர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு 'லயன் கிங்' பார்க்கப் போயிருப்பீர்கள்.

டர்ஹம் புகையிலையால் வளர்ந்த ஊர். 1987இல் அமெரிக்கன் டொபாக்கோ ஆலை மூடப்பட்டதும் ஊர் மையம் களையிழந்தது. 1995இல் அதன் பக்கத்தில் பேஸ்பால் மைதானம் வந்தது. 2004 முதல் பழைய ஆலைக் கட்டடங்களுக்குள் அலுவலகங்களும் உணவகங்களும் வந்தன. இவற்றை ஒட்டி 2008 நவம்பர் 30 அன்று திறக்கப்பட்டதுதான் டர்ஹம் கலையரங்கம். சுமார் 2,700 இருக்கைகள். செலவு 4.8 கோடி டாலர்.

அவ்வளவு பணம் நகராட்சியின் கையில் இருந்ததா?

இல்லை. எந்த நடுத்தர நகரத்திடமும் இருக்காது. பெரும்பகுதியைக் கடனாகத்தான் வாங்கினார்கள். நகராட்சி கடன் வாங்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொதுக் கடன் பத்திரம் (வரி விதிக்கும் அதிகாரத்தையே ஈடாக வைத்து நகராட்சி வாங்கும் கடன்). வட கரோலினாவில் இதற்குப் பொதுவாக மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். மற்றொன்று, பங்கேற்புச் சான்றிதழ் (கட்டப்போகும் கட்டடத்தையே ஈடாகக் காட்டி, ஆண்டுதோறும் தவணை கட்டுவதாக முதலீட்டாளர்களுக்குத் தரும் உறுதிச் சீட்டு). இதற்கு மக்கள் வாக்கெடுப்பு தேவையில்லை. டர்ஹம் போனது இந்த இரண்டாவது வழியில்.

"மக்களைக் கேட்காமலே இத்தனை கோடி கடனா?" என்று கேட்பீர்கள். சட்டப்படி சரிதான். மன்றத்தில் வாக்கெடுப்பு உண்டு, பொது விசாரணைக் கூட்டமும் உண்டு. ஆனால் வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வராது. ஆகவே இந்த வழியில் கட்டுகிறார்கள் என்றால், அந்தக் கூட்டம்தான் கருத்துச் சொல்ல உங்களுக்குக் கிடைக்கிற ஒரே இடம். ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரம் வேறு மாதிரி செய்தது. 1978இல் மக்களிடமே வாக்குக் கேட்டு 1.85 கோடி டாலர் பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்கி, 1982இல் ஹல்ட் அரங்கத்தைத் திறந்தது.

கடனை அடைப்பது யார்?

டர்ஹமில் முதலில் வெளியூர்க்காரர்கள். ஹோட்டலில் தங்குவோரிடம் வாங்கும் வரியில் ஒரு சதவீதத்தைக் கூட்டி, அதை இந்த அரங்கத்துக்கு ஒதுக்க மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தது. ஊரில் உள்ள டியூக் பல்கலைக்கழகம் 75 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. டிக்கெட்டோடு அரங்கக் கட்டணம் என்று சில டாலர் சேர்கிறது. நிகழ்ச்சிக்கே போகாத வீட்டுக்காரரின் சொத்து வரியைக் கூடியவரை தொடாமல் இருப்பதுதான் ஏற்பாட்டின் நோக்கம்.

அந்த ஒரு சதவீதம் போதுமா? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது டர்ஹமின் கணக்கு அல்ல, புரிவதற்காக நான் போடும் கணக்கு. 5 கோடி டாலரை 4 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், ஆண்டுத் தவணை ஏறக்குறைய 37 லட்சம் டாலர். ஓர் அறையின் நாள் வாடகை 120 டாலர் என்றால், ஒரு சதவீத வரி 1.20 டாலர். 37 லட்சம் சேர, ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேலான அறை-இரவுகள் விற்க வேண்டும். ஊரில் 7,000 அறைகள் இருந்து, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தினமும் நிரம்பினால்கூட 17 லட்சம் அறை-இரவுகள்தான் வரும். பாதிக்குச் சற்று மேல். மீதிக்கு வேறு பை வேண்டும்.

அந்த வேறு பை உங்கள் சொத்து வரியாக இருந்தால்? ஊரில் வரி விதிக்கக்கூடிய சொத்துகளின் மதிப்பு 2,000 கோடி டாலர் என்று வைப்போம். முழு 37 லட்சமும் சொத்து வரியில் விழுந்தாலும், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 74 டாலர் கூடும். குடும்பம் நொடித்துப்போகும் தொகை அல்ல. ஆனால் அதை 20 ஆண்டுகள் கட்ட வேண்டும், நீங்கள் ஒரு நிகழ்ச்சிக்குக்கூடப் போகாவிட்டாலும். வாடகை வீட்டில் இருந்தால் தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் தம் வரியை வாடகையில் ஏற்றப் பார்ப்பார்.

ஹோட்டல் வரியை நம்பினால் வேறொரு வம்பும் உண்டு. பொருளாதாரம் சரிந்தால் பயணிகள் குறைவார்கள், வரியும் குறையும், தவணை மட்டும் குறையாது. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவைப் பாருங்கள். சுற்றுலா வரியை முக்கியமாக நம்பித் திட்டமிட்ட அரங்கம் அது. 2008 மந்தம் வந்ததும் வேலை தள்ளிப்போய், கட்டடத்தை இரண்டு கட்டமாகப் பிரிக்க நேர்ந்தது. முதல் கட்டம் 2014இல் திறந்தது. இசைக்கென்றே திட்டமிட்ட ஸ்டைன்மெட்ஸ் கூடம் திறந்தது 2022இல்! டிஸ்னி உலகம் பக்கத்தில் இருக்கிற ஊருக்கே இந்தக் கதி.

கட்டியபின் நடத்துவது யார்?

எல்லோரும் கட்டுமானச் செலவைப் பற்றியே பேசுகிறார்கள். யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவது யார் என்பதுதான் கேள்வி. குளிர்சாதனம், காப்பீடு, மேடைப் பணியாளர்கள், பாதுகாவலர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒலி, ஒளிக் கருவிகளை மாற்றுவது, இருக்கைத் துணி, கூரை என்று செலவு ஓயாது. அரங்கம் இருட்டாகக் கிடந்தாலும் செலவு உண்டு.

டர்ஹமின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இங்கேதான் என்பேன். நகராட்சி கட்டடத்தின் உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பைத் தனியாரிடம் விட்டது. பிராட்வேயில் (நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரம்) பல தியேட்டர்கள் வைத்திருக்கும் நெதர்லாண்டர் நிறுவனமும், பிராவிடன்ஸ் நகரைச் சேர்ந்த ஓர் அரங்க மேலாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. நட்டம் வந்தால் அவர்கள் பாடு. லாபம் வந்தால் நகராட்சிக்கு 40 சதவீதம். நல்ல ஆண்டுகளில் இந்தப் பங்கு 10 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது.

தனியார் ஏன் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள்? அந்த 2,700 இருக்கைகளுக்காக. பெரிய பிராட்வே நாடகக் குழு ஊருக்கு வந்தால், வழக்கமாகச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை எட்டுக் காட்சி. எட்டுத் தரம் 2,700 என்றால் ஒரே வாரத்தில் 21,600 டிக்கெட். லாரி லாரியாகச் செட்டும் உடையும் ஏற்றிக்கொண்டு வரும் குழுவுக்கு இவ்வளவு இருக்கை இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஆயிரம் இருக்கை அரங்கத்தைக் கட்டிவிட்டு, "டர்ஹம் மாதிரி நமக்கும் லாபம் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரிய பணக்காரர் ஒருவர் மொத்தமும் தந்துவிட்டால் கவலை இல்லையே?

அப்படித் தோன்றும். விஸ்கான்சினின் மேடிசன் நகரத்துக்கு அந்த யோகம் அடித்தது. ஜெரோம் ஃப்ராட்ஷி என்ற தொழிலதிபர் 1998இல் 5 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அது வளர்ந்து 20.5 கோடியானது. கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி வடிவமைத்த ஓவர்ச்சர் அரங்கம் 2004இல் திறந்தது.

எங்கே இடறியது? நன்கொடையை அப்படியே செங்கல்லிலும் சிமெண்டிலும் போட்டிருந்தால் கதை வேறு. பெரும்பகுதியைப் பங்குச் சந்தையில் போட்டு, கட்டுவதற்குக் கடன் வாங்கினார்கள். முதலீட்டின் வருமானம் கடன் வட்டியைவிடக் கூடுதலாக இருக்கும், அதிலேயே கடனும் அடையும், மிச்சமும் இருக்கும் என்பது திட்டம். தாளில் அழகாகத்தான் இருந்திருக்கும். 2008இல் சந்தை விழுந்தது. முதலீட்டை விற்றுக் கடனைக் கட்டியபின்னும் 2.86 கோடி டாலர் பாக்கி நின்றது. அது நகர மக்கள் தலையில் விழுமோ என்று நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் ஃப்ராட்ஷியும் வேறு சில நன்கொடையாளர்களும் சேர்ந்து 1.5 கோடி தந்தார்கள். மீதியை வங்கிகள் தள்ளுபடி செய்தன. 2012 முதல் தனி அறக்கட்டளை ஒன்று அரங்கத்தைத் தன் உடைமையாக வைத்து நடத்துகிறது. நகராட்சி மானியமும் கொடுத்துவருகிறது. இலவசமாக வந்த கட்டடத்துக்கு நகராட்சி மானியம்!

இதனால் நன்கொடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் பீஸ் குடும்பம் 1 கோடி டாலர் தந்தது. பொதுப் பணமும் தனியார் பணமுமாகச் சேர்த்து 4.2 கோடியில் 1990இல் கட்டிய அரங்கம் இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கட்டடத்துக்கும் கூடத்துக்கும் பெயர் வைக்கப் பணம் தர ஆள் வருவார்கள். பதினைந்தாம் ஆண்டில் குளிர்சாதன இயந்திரம் மாற்றுவதற்குத் தர யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள். அதற்கென்று மூலநிதி (முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் வைப்பு) தொடக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் சங்கத்துக்கு அரங்கம் கிடைக்குமா?

பொங்கல் விழாவுக்கோ பிள்ளையின் அரங்கேற்றத்துக்கோ கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பீர்கள். நானூறு பேர் வரும் நிகழ்ச்சிக்கு 2,700 இருக்கை அரங்கம் சரிப்படாது. கூட்டம் ஒரு மூலையில் ஒடுங்கித் தெரியும். வாடகை ஒரு பக்கம் இருக்க, மேடைப் பணியாளர், பாதுகாவலர், டிக்கெட் விற்பனைச் செலவு, காப்பீடு எல்லாம் தனித்தனியாக ஏறும். வெள்ளி, சனி மாலைகளை நாடகக் குழுக்கள் ஓராண்டு முன்பே பிடித்துவைத்திருக்கும்.

ஆகவே பக்கத்தில் சிறிய கூடம் ஒன்று திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். யூஜீனில் பெரிய கூடத்தோடு சுமார் 500 இருக்கையில் சிறிய தியேட்டரும் கட்டினார்கள். டர்ஹமில் 1926இல் திறந்த கரோலினா தியேட்டர் ஏற்கெனவே நகரின் உடைமையாக இருந்ததால் சமாளிக்க முடிந்தது. உள்ளூர் அமைப்புகளுக்கு ஆண்டில் இத்தனை நாள், இவ்வளவு சலுகைக் கட்டணத்தில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்மொழி வாக்குறுதி, நிர்வாகி மாறினால் காற்றோடு போய்விடும்.

ஊருக்கு வருமானம் கொட்டும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவுக்கு. காட்சிக்கு வருபவர்கள் பக்கத்தில் சாப்பிடுவார்கள், வண்டி நிறுத்தக் காசு கொடுப்பார்கள். டர்ஹமில் ஆலை வளாகத்து உணவகங்களுக்கு இது நல்ல வரும்படி. ஆனால் ஆலோசனை நிறுவனங்கள் தரும் பெரிய எண்களைப் பாதியாகக் குறைத்தே படியுங்கள். நீங்கள் அரங்கத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்ட செலவில் ஒரு பகுதி, அன்று வேறு எங்காவது இதே ஊரில் செலவழித்திருக்கக்கூடிய பணம்தான். வெளியூரிலிருந்து வந்த பணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இன்னொன்று, டர்ஹமின் ஊர் மையம் அரங்கம் வருவதற்கு முன்பே எழத் தொடங்கியிருந்தது. வெறிச்சோடிக் கிடக்கும் தெருவில் தனியாக ஓர் அரங்கத்தை நட்டால், காட்சி முடிந்ததும் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கூட்டத்துக்குப் போகுமுன் நடத்துநர் ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க மாநிலங்களில் பொது ஆவணச் சட்டம் உண்டு. பொதுவாகக் கேட்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. கூட்டத்தில் பேச உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் தருவார்கள். அரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று பேசி அதை வீணாக்காதீர்கள். "நட்டம் வரும் ஆண்டில் காசோலை எழுதுவது யார்? ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் அது இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பிரிவு எண்ணைச் சொல்ல முடியாமல் தயங்கினால், பதில் வரும்வரை முடிவைத் தள்ளிவைக்கும்படி மன்றத்திடம் எழுத்தில் கோருங்கள்.