நாய் மீது அன்பிருந்தால் காட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்

நாய்க்கு ஊர்ப்பெயரையே தந்த மாவட்டம் தேனி. உத்தமபாளையத்தை அடுத்த கோம்பையின் கருவாய்ச் செவலை நாய்கள் காட்டுப்பன்றியை விரட்டவும் தோட்டம் காக்கவும் பேர்போனவை. அதே மாவட்டத்தில் போடியிலிருந்து முந்தல் வழியாக ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறி போடிமெட்டை அடையும் மலைச்சாலையில், இன்று வெளியூர்க் கார்களில் செல்லப் பிராணிகளும் வந்து இறங்குகின்றன. ஏலத்தோட்டம், குளிர்ந்த காற்று, ஆள் நடமாட்டம் குறைந்த பாதை என்று எல்லாம் அமைந்திருக்கும்போது நாயும் கூட நடக்கட்டும் என்று ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நாயோடு திரும்பிவிட வேண்டும். அது காட்டுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

காட்டு விலங்கின் பக்கமிருந்து யோசித்தால் காரணம் விளங்கும். குரங்கணி, டாப் ஸ்டேஷன், மதிகெட்டான் சோலை என்று நீளும் இந்த மலைத்தொடர் கடமான், கேளையாடு, காட்டுமாடு போன்றவை வாழும் நிலம். செந்நாய்க்குத் தப்பிப் பிழைத்து வந்த பரம்பரை இவற்றுடையது. நம் வீட்டு நாய் எவ்வளவு சாதுவானாலும், அதன் வாடையும் குரைப்பும் மானுக்கு வேட்டையாட வந்த விலங்கையே நினைவூட்டும். கயிற்றில் பிடித்துத்தானே போகிறோம் என்பது முதல் மறுப்பு. ஆஸ்திரேலியாவில் சிட்னியை ஒட்டிய காட்டுப் பகுதிகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. அங்கே எல்லா நாய்களும் கயிற்றோடுதான் நடத்திச் செல்லப்பட்டன. அப்படியும் அவை கடந்த இடங்களில் காணப்பட்ட பறவை வகைகள் 35 விழுக்காடும், பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்தன. மனிதர்கள் மட்டும் நடந்தபோது பாதிப்பு அதில் பாதிகூட இல்லை. கயிறு நாயின் காலைத்தான் கட்டுகிறது. அதன் வாடையைக் கட்ட எந்தக் கயிறும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து நோய். நாய்களிடம் காணப்படும் டிஸ்டம்பர் வைரஸ் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பலிகொண்டது. சுற்றுக் கிராமத்து நாய்களே அந்த நோயின் ஊற்று என்று ஆய்வாளர்கள் கருதினர். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றிடம் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த செந்நாய்க்கு இது இன்னும் நெருக்கமான ஆபத்து. ஒரே கூட்டமாக உண்டு உறங்கும் விலங்கு என்பதால், ஒன்றுக்கு வந்த நோய் மற்றவற்றையும் எளிதில் தொற்றும். தடுப்பூசி போட்ட நாய்க்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்பது இரண்டாவது மறுப்பு. தடுப்பூசி மிக அவசியம்தான், ஆனால் அது எல்லா நோய்க்கும் கவசமல்ல. நாயின் கழிவோடு போகும் குடற்புழுக்களையும், அதன் உடலில் ஒட்டிச் செல்லும் உண்ணிகளையும் அந்தத் தடுப்பூசிகள் தடுப்பதில்லை.

இனி நாயின் பக்கம் வருவோம். சிறுத்தைக்கு நாய் எளிய இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தபோது, எடைக் கணக்கில் 39 விழுக்காடு வீட்டு நாய்களாகவே இருந்தது. ஏலத்தோட்ட ஓரங்களில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடியும் நாய்க்கும் பன்றிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஓடைநீரில் கலந்திருந்தால், தாகத்தோடு குடிக்கும் நாய்க்கு அதுவே நஞ்சு. பாதுகாப்புக்காகத்தான் நாயைக் கூட்டிப்போகிறோம் என்று சிலர் சொல்வார்கள். யானையையோ கரடியையோ கண்டு குரைத்துச் சீண்டிவிட்டு, பயந்ததும் நாய் ஓடிவருவது எஜமானரின் காலடிக்குத்தான். அதைத் துரத்தும் விலங்கும் அங்கேதான் வந்து நிற்கும். 2023-இல் கம்பம் நகருக்குள் நுழைந்த அரிக்கொம்பன் என்ற யானை முன்பு திரிந்த சின்னக்கானல், போடிமெட்டிலிருந்து அதிக தூரமில்லை. இந்த மலையில் யானையைச் சந்திப்பது எப்போதும் நடக்கக்கூடியதே.

தோட்டத் தொழிலாளர்களும் மலைக்குடிகளும் நாய் வளர்க்கவில்லையா, நமக்கு மட்டும் ஏன் தடை என்பதுதான் இருப்பவற்றில் வலுவான மறுப்பு. அவர்களுடைய நாய்கள் அந்த நிலத்திலேயே வளர்ந்து வீட்டையும் பயிரையும் காப்பவை. அவர்களுக்கு அது பிழைப்பின் தேவை. அந்த நாய்களாலும் காட்டுக்குப் பாதிப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு இலவசத் தடுப்பூசியும் கருத்தடையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. சரணாலயத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் இந்த அக்கறையால்தான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சுமையைக் காட்டி, பொழுதுபோக்குக்காகப் புதுச் சுமை ஏற்றுவது நியாயமாகாது. அதே சட்டம் விலங்கைக் கொல்வதை மட்டுமல்ல, விரட்டுவதையும் வேட்டை என்றே கணக்கிடுகிறது. கயிற்றை உருவிக்கொண்டு மானைத் துரத்தும் நாயின் உரிமையாளர் இதை மனதில் வைக்க வேண்டும்.

2018 மார்ச் மாதக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த பிறகுதான், மலையேற்றத்துக்கென்று தமிழகம் தனி விதிகள் வகுத்தது. காட்டுக்குள் நுழைவதற்குப் பொறுப்பு வேண்டும் என்பதை அத்தனை பெரிய விலை கொடுத்துக் கற்றோம். நாய் விஷயத்திலும் அப்படியொரு விலை கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாயோடு நடக்க இடமில்லாமல் போகவில்லை: போடியைச் சுற்றிய மாந்தோப்பு வழிகள், கண்மாய்க் கரைகள், உரிமையாளர் அனுமதிக்கும் தோட்டச் சாலைகள் உண்டு. வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். குட்டைக் கயிறும் குடிநீரும் கையில் இருக்கட்டும். கழிவை அள்ளி எடுத்துவாருங்கள். வீடு திரும்பியதும் காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். நாய் கேட்பது நம்மோடு நடப்பதை மட்டுமே. எந்தப் பாதையில் என்பது அதற்குப் பொருட்டில்லை. பாதையைத் தேர்ந்தெடுக்கும் அறிவு நம்மிடம்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் கடமையும் நம்முடையதே.