இணைய வழியில் கிராமப் பொருள் விற்பனை: கருப்பட்டித் தொழில் காட்டும் நெறி

கிராமத்தில் செய்யப்படும் பொருள் நியாயமான விலைக்கு விற்றாலன்றிக் கிராமம் உயராது என்பது யாவரும் அறிந்ததே. விளைச்சலைப் பெருக்கும் வழிகள் பலவற்றை நாம் கற்றுள்ளோம். விற்கும் வழிகளை இன்னும் போதிய அளவு கற்றோமில்லை. பொருளைச் செய்பவரும் அதை வாங்கி உண்பவரும் ஒருவரையொருவர் அறியாதவரை, விலையை வகுப்பவர் இடையில் நிற்பவரே ஆவார். கைப்பேசியும் இணையமும் இவ்விடைவெளியைக் குறைக்கவல்ல கருவிகள். அவற்றைப் பயன்படுத்தும் முறையைப் பனைத்தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவோம். கடலைமிட்டாய், பாய், தேன், செக்கெண்ணெய் செய்வோருக்கும் இம்முறை பொருந்தும்.

பெயர் ஊருக்கு, பயன் யாருக்கு?

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, அடுப்பின் முன் நெடுநேரம் நின்று காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது கடும் உழைப்பாகும். ஆயினும் பனையேறிகள் பலர் பருவத்திற்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் பெற்றுவிடுகின்றனர். ஆதலின் சரக்கு மிகுந்து விலை தாழ்ந்திருக்கும் காலத்திலேயே அதனைக் கொடுத்துவிட நேர்கிறது. சர்க்கரை கலந்த போலிச் சரக்கு மலிவாகச் சந்தைக்கு வருவதால், தூய சரக்குச் செய்பவரும் அவ்விலையை ஒட்டியே இறங்க வேண்டியவராகிறார்.

நகரங்களில் தூய கருப்பட்டிக்குக் கூடுதல் விலை தர ஆயத்தமாக இருப்போர் உளர். எது தூயது, அது யாரிடம் கிடைக்கும் என்பதே அவர்கள் அறியாதது. இணையத்தில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்கவோ, உடைத்துச் சுவைக்கவோ இயலாது. விற்பவர் சொல்லை நம்பியே பணம் அனுப்புகிறார். எனவே இணைய விளம்பரத்தின் முதற்கடமை அந்த நம்பிக்கையை உண்டாக்குவதேயாகும்.

தொடங்கும் முறை

பெரும் முதல் தேவையில்லை. வணிகர்களுக்கான வாட்ஸ்அப் செயலி 2018 முதல் நம் நாட்டில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு பொருளின் படம், எடை, விலை ஆகியவற்றை வரிசையாக இட்டு வைக்கலாம். கூகுள் வரைபடத்திலும் கட்டணமின்றித் தொழிலிடத்தைப் பதியலாம். ஊரின் பெயரையும் பொருளின் பெயரையும் இட்டுத் தேடுவோருக்கு அது வழிகாட்டும்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். அனுப்பப்போகும் சரக்கின் படமே இடம்பெற வேண்டும்; பிறர் படத்தை எடுத்தாளுதல் கூடாது. பதநீர் இறக்குவதையும் காய்ச்சுவதையும் சிறு காணொளியாக எடுத்து இடுதல் பெரும்பயன் தரும். எந்த மாதத்தில் காய்ச்சியது, அனுப்புக் கூலி எவ்வளவு, எத்தனை நாளில் சேரும் என்பவற்றை வாங்குபவர் கேட்குமுன்னரே எழுதிவிட வேண்டும். கேள்விக்கு அன்றே விடை தருதலும், உடைந்து சேர்ந்த சரக்கிற்கு ஈடு தருதலும் செலவில்லா விளம்பரங்கள். மனநிறைவு பெற்ற ஒருவர் தம் சுற்றத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்வார்.

கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் தன்மையுடையது. ஆகையால் ஈரம் புகாத உறையிலிட்டு, அதன்மேல் ஓலைக் கொட்டானிலோ அட்டைப் பெட்டியிலோ இறுக வைத்து அனுப்புதல் வேண்டும்.

சட்டம் வேண்டுவன

உணவுப் பொருள் செய்வோர் சிறியவராயினும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். அப்பதிவின் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும். செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, செய்த மாதம் முதலியனவும் இடம்பெற வேண்டும். 2020 சூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. புவிசார் குறியீட்டை அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்துகொண்டோரே பயன்படுத்தலாம். வேற்றூர்ச் சரக்கிற்கு உடன்குடிப் பெயர் இடுதல் குற்றமாகும்.

ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாத சிறு விற்பனையாளரும், 2023 அக்டோபர் முதல், தனியே ஒரு பதிவெண் பெற்று, தம் மாநிலத்திற்குள் இணைய அங்காடிகள் வழியே பொருள் விற்கலாம். வெளிமாநிலங்களுக்கு அனுப்புவோர் வரி விதிகளை முன்னரே கேட்டறிதல் நலம்.

கருப்பட்டி நீரிழிவைத் தீர்க்கும் என்றோ, நீரிழிவு உடையோர் அச்சமின்றி உண்ணலாம் என்றோ எழுதுவோர் உளர். கருப்பட்டியும் சர்க்கரைச் சத்து நிறைந்ததே. இத்தகைய விளம்பரம் வாங்குபவர் உடல்நலத்திற்குக் கேடு. தவறான விளம்பரத்திற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

கணக்கின்றி விற்பனை இல்லை

கூடுதல் விலை கிடைத்தால் மட்டும் இலாபம் வந்துவிடாது. ஒரு கணக்கைக் காண்போம். வியாபாரி கிலோவுக்கு ரூ.260 தருகிறார் என்றும், இணையத்தில் அனுப்புக் கூலி உட்பட ரூ.400-க்கு விற்கிறோம் என்றும் கொள்வோம். ஒரு கிலோ அனுப்பினால் பெட்டிக்கு ரூ.25, அனுப்புக் கூலி ரூ.90, உடைவுக்கு ரூ.10 போக ரூ.275 எஞ்சும், மிகுதி ரூ.15 மட்டுமே. ஐந்து கிலோவை ஒரே பெட்டியில் அனுப்பினால் வரவு ரூ.2,000. அதில் பெட்டிக்கு ரூ.60, அனுப்புக் கூலி ரூ.250, உடைவுக்கு ரூ.50 போக ரூ.1,640 எஞ்சும். வியாபாரி தரும் ரூ.1,300-ஐவிட இது ரூ.340 மிகுதி, கிலோவுக்கு ரூ.68 ஆகிறது. இவை முறையைக் காட்ட எடுத்த எண்களே. அவரவர் ஊர் நிலவரத்தை இட்டுக் கணக்கிட வேண்டும். சிறு பொட்டலங்களில் உழைப்பு வீணாகலாம் என்பதும், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கத் தூண்டுவது நன்று என்பதும் இதனால் விளங்கும்.

முன்பணம் பெற்றவர் தாம் கொடுத்த சொல்லைக் காத்தல் வேண்டும். முதற்பருவத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தனியே ஒதுக்கி விற்றுப் பழகலாம். சுயஉதவிக் குழுவின் வழியே வங்கிக் கடன் பெற்றால், அடுத்த பருவத்தில் முன்பணத்தின் பிடி தளரும்.

யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்பவர் ஏமாற்றுபவரே. பணம் இழந்தோர் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

பனையேறி மரத்தின்மேல் இருக்கையில் கைப்பேசி அழைப்புக்கு விடை சொல்ல இயலாது. ஆகவே இது தனியொருவர் முயற்சியாக அமைவதினும் குழுவின் முயற்சியாக அமைவதே சிறப்பு. படித்த இளைஞர் ஒருவரோ, மகளிர் குழு உறுப்பினர் ஒருவரோ கைப்பேசிப் பொறுப்பையும் கணக்கேட்டையும் ஏற்கலாம். அவருக்குரிய ஊதியத்தை விலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். குழுச் சரக்கில் ஒருவர் செய்யும் கலப்படம் அனைவர் பெயரையும் கெடுக்கும். ஆதலின் சரக்கைச் சோதித்து ஏற்கும் பொறுப்பை இருவரிடம் ஒப்படைத்தல் நன்று. மகளிர் குழுப் பொருள்களுக்கென ‘மதி’ என்னும் வணிகப் பெயரும் உள்ளது.

பொட்டலமிட ஓரிடம், மின்வசதி, இணைய இணைப்பு ஆகியவற்றிற்கு ஊராட்சி வழிசெய்யலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபையில் ஒருமுறையேனும் ஊர்ப் பொருள்களின் விற்பனையை ஆராய்தல் வேண்டும். யார் என்ன செய்கிறார், எவ்வளவு செய்கிறார், இன்று என்ன விலை பெறுகிறார் என்னும் பட்டியலே முதல் வேலை.

கருவி புதிதாயினும் வணிகத்தின் அறம் பழையதே. சரியான எடை, கலப்பற்ற சரக்கு, சொன்ன நாளில் சேர்த்தல் ஆகிய மூன்றையும் காப்பவரை வாங்கியவர் மீண்டும் தேடி வருவர். வரும் பதநீர்ப் பருவத்திற்குள் ஒவ்வோர் ஊராட்சியும் இப்பணியைத் தொடங்குமாக!