பாரம் சுமக்கும் மனமும் பறிபோகும் கவனமும்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோதல், பிரதேச செயலகத்தில் வரச்சொன்ன திகதியைத் தவறவிடுதல், படிவத்தில் பெயர் எழுதவேண்டிய இடத்தில் விலாசத்தை எழுதிவிடுதல், பிள்ளை இரண்டு தரம் கேட்ட பின்பே அதன் கேள்வி காதில் விழுதல் என்பன போரின் இழப்புகளோடு வாழும் பெண்கள் பலருக்கும் பழகிப்போன சங்கதிகள். “எனக்கு மூளை மங்கிப் போச்சு” என்று தம்மைத் தாமே நொந்துகொள்பவர்கள் அநேகர். அலுவலகத்தில் இருப்பவர்களும் உறவினர்களும்கூட “இவளுக்கு ஒன்றிலும் கவனமில்லை” என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையில் மூளை மங்கித்தான் போகிறதா? மனிதனின் கவனம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் வேறொரு விளக்கத்தைத் தருகிறார்கள்.

குறுக்கே வரும் சொல்

வீட்டிலேயே ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். நீலப் பேனையால் “சிவப்பு” என்றும், சிவப்புப் பேனையால் “பச்சை” என்றும், பச்சைப் பேனையால் “நீலம்” என்றும் மாறிமாறிப் பல வரிகள் எழுதுங்கள். இப்போது சொல்லை வாசிக்காமல், அது எழுதப்பட்ட நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக்கொண்டு போங்கள். நாக்குத் தடுமாறும். வாசித்துப் பழகிய கண், வேண்டாமென்றாலும் சொல்லை வாசித்துவிடுகிறது. அந்தச் சொல் நாம் சொல்ல வந்த நிறத்துக்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

அமெரிக்காவின் டெனசி மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் றிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935ஆம் ஆண்டு இந்த ஆய்வை வெளியிட்டார். வெறும் நிறக்கட்டங்கள் 100இன் நிறங்களைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 செக்கன்கள் பிடித்தன. பொருந்தாத சொற்களின் நிறங்களைச் சொல்லவோ 110 செக்கன்கள் தேவைப்பட்டன. அவர்கள் கல்லூரி மாணவர்கள். அறிவில் குறைந்தவர்கள் அல்லர். குறுக்கே வருவதை ஒதுக்கிவிட்டு வேண்டியதில் மட்டும் மனதை நிறுத்துவது எவருக்குமே உழைப்புத்தான்.

இந்த உழைப்பில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் கொள்ளளவோ மட்டுப்பட்டது. இடுப்பில் குடமும் கையில் பிள்ளையுமாக வருபவளிடம் இன்னொரு பையையும் கொடுத்தால் ஏதோவொன்று நழுவத்தான் செய்யும். அதற்காக அவளுடைய கையில் பலமில்லை என்று நாம் சொல்வதில்லையே!

கடனும் கவலையும்

வெளியிலிருந்து வரும் சொல் மட்டுமன்றி, உள்ளே இருக்கும் கவலையும் இப்படிக் குறுக்கே வரலாம். இதைக் காட்டும் ஆய்வொன்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே நடைபெற்றது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் இன்னும் இருவருடன் சேர்ந்து 2013இல் அதை வெளியிட்டனர். 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்குபற்றினர். கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையின்போதே பணம் கைக்கு வரும். அறுவடைக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் ஏதாவதொரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்பு அது நூற்றுக்கு 4 பேராகக் குறைந்தது.

அதே ஆட்களை இரண்டு காலத்திலும் சோதித்தார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களும் இருந்தபடியால் சொற்களுக்குப் பதிலாக இலக்கங்களைக் கொடுத்தார்கள். “5 5 5” என்று இருந்தால், ஐந்து என்று வாசிக்காமல், எத்தனை இலக்கங்கள் என்று பார்த்து “மூன்று” என்று சொல்லவேண்டும். அறுவடைக்கு முன்பு சராசரியாக 146 செக்கன்கள் எடுத்த வேலை, பின்பு 131 செக்கன்களில் முடிந்தது. பிழைகளும் குறைந்தன. ஆள் ஒருவரே, மூளையும் ஒன்றே, பாரம் இறங்கியிருந்தது.

அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்த ஆய்வொன்றில் (2016) இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே எல்லாப் பணமுடையும் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கும் என்று கொள்ள முடியாது.

போரின் நினைவு

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் 1990இல் வெளியான ஓர் ஆய்வு, நிறம் சொல்லும் இதே முறையைப் பயன்படுத்தியது. போரின் அதிர்ச்சியால் மனநோயுற்றவர்கள், போரை நினைவூட்டும் சொற்கள் வந்தபோது மற்றச் சொற்களைவிடக் கூடிய நேரம் தடுமாறினர். ஷெல் சத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்டு மீண்டவர்களுக்கு, வெடிச்சத்தம் ஒன்றோ ஒரு ஊரின் பெயரோ கைவேலையை ஏன் நிறுத்திவிடுகிறது என்பது இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

நாம் என்ன செய்யலாம்?

முடியாத காரியம் மனதில் திரும்பத் திரும்ப வரும். எதை, எப்போது, எங்கே செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால், காரியம் முடியாவிட்டாலும் அதன் குறுக்கீடு குறைகிறது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகையால் ஒரு கொப்பி வைத்திருங்கள். “சங்கக் காசு” என்று மட்டும் எழுதாமல், “வெள்ளி காலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டபின் சங்கக் காசு கட்டுவது” என்று எழுதுங்கள். காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருக்கும் மனதுக்குக் கொப்பி ஆறுதல் தராது என்பது உண்மை. ஆயினும் அடுத்த விசாரணைத் திகதியையும் எந்தக் கடிதத்தின் பிரதி வேண்டும் என்பதையும் கொப்பி சுமக்கட்டும்.

கடன் பத்திரத்திலோ காணிப் பத்திரத்திலோ அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, பிணை யார் என்ற விபரங்கள் கவலை மிகுந்த நாளில் கண்ணில் பட்டும் மனதில் பதியாமற் போகலாம். பத்திரத்தை வாங்கி வந்து, நம்பிக்கையான ஒருவரோடு இருந்து உரத்து வாசியுங்கள். ஓரிரவு கழிந்தபின் முடிவெடுங்கள். அவசரப்படுத்துபவரிடம் “நாளைக்குச் சொல்கிறேன்” என்று கூற உங்களுக்கு உரிமை உண்டு.

அலுவலகங்களில் கடமையாற்றுவோருக்கும் இதில் பங்குண்டு. திகதியை வாயால் மட்டும் சொல்லாது துண்டில் எழுதிக்கொடுத்தால் ஒரு பெண்ணின் ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிஞ்சும்.

நித்திரையின்மை, பயங்கரக் கனவுகள், எதிலும் மனம் ஒட்டாமை என்பன ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடனும் கதைக்கலாம். மறதிக்கு இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு போன்ற உடற்காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் வைத்தியரிடம் அதையும் கேட்டறிவது நல்லது.

இனியொரு தரம் பால் பொங்கி வழிந்தால், உங்களைத் திட்டிக்கொள்ளுமுன், அந்த நேரம் மனம் எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பாரத்தில் எதை இறக்கி வைக்கலாம், எதை இன்னொருவரோடு பகிரலாம் என்பது அப்போது தெரியவரும்.