விருந்தினர் வைஃபையும் கடவுச்சீட்டுப் பிரதிகளும்

பெரஹர காலத்தில் கண்டி வாவியைச் சுற்றியுள்ள சிறு விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. வந்திறங்குபவர் சாவிக்கு முன்பே கேட்பது வைஃபை கடவுச்சொல்லை. அந்த வைஃபை, சிசிரிவி பதிவுப்பெட்டி, கடவுச்சீட்டுப் பிரதிகள் கிடக்கும் முன்மேசைக் கணினி மூன்றும் ஒரே சுவிட்ச்சில் செருகியிருந்தால் ஆபத்து அங்கேதான்.

“பிரித்துத்தான் போட்டிருக்கிறேன்” என்பார் வயரிங் செய்தவர். எதைப் பிரித்தார் என்று கேளுங்கள். சப்நெட் என்பது ஐபி முகவரிகளைக் கூறுபோடுவது மட்டுமே. 192.168.1.0/24 தொகுதியை /26 ஆக வகுத்தால் நான்கு கூறுகள். ஒவ்வொன்றிலும் 62 கருவிகளுக்கு முகவரி உண்டு. ஓடும் கம்பியோ ஒன்றுதான். விருந்தினர் தன் மடிக்கணினியின் முகவரியைக் கையால் மாற்றி அலுவலகக் கூறுக்குள் வந்துவிடலாம். லயத்துக் கதவில் இலக்கத்தை மாற்றி எழுதினால் நடுச்சுவர் எழும்பிவிடுமா?

வீலேன் என்னும் முறையோ சுவிட்ச்சுக்குள்ளேயே பிரிக்கிறது. எந்தத் துளை எந்தக் குழுவுக்கு என்பதைச் சுவிட்ச் தீர்மானிக்கிறது; முகவரியை மாற்றினாலும் குழு மாறாது. 1998இல் வந்த 802.1கியூ தரம் இதற்கானது. மலிவான சாதாரண சுவிட்ச் உதவாது, ‘மேனேஜ்டு’ வகை வேண்டும். வழக்கமாக வீலேனுக்கு ஒரு சப்நெட் என்று இரண்டையும் சேர்த்தே அமைப்பார்கள். ஆனால் ரவுட்டரில் தடுப்பு விதி எழுதாமல் இரண்டு வீலேன்களையும் இணைத்துவிட்டால் செலவழித்தது வீண்.

சோதிப்பது சுலபம். விருந்தினர் வைஃபையில் சேர்ந்து, சிசிரிவிப் பெட்டியின் முகவரியை உலாவியில் அடியுங்கள். உள்நுழைவுப் பக்கம் திறந்தால், வயரிங் கூலியின் மிச்சத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். விருந்தினரின் விவரங்களைக் காக்கும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைச் சேகரிப்பவர் மீதே வைக்கிறது. அதன் பிரிவுகள் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன என்றாலும், பிரதி எடுக்கும் முதலாளி இப்போதே தயாராவது நல்லது. தன் பிரதி எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்க விருந்தினரும் தயங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே யாரோ நுழைந்திருந்தால் ரவுட்டரை ‘ரீசெட்’ செய்யாதீர்கள், பதிவுகள் அழிந்துவிடும். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அந்தப் பதிவுகள்தான் சாட்சி.