கோழிக் கழிச்சலும் தடுப்பு மருந்தின் அளவும்

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் போன்ற ஊர்களில் கொல்லைக் கோழி, அவசரத்திற்கு உதவும் கைப்பொருளாகும். வெள்ளைக் கழிச்சல் புகுந்தால் அது சில நாட்களில் அழிந்துவிடும். நம் நாட்டில் 1927-ஆம் ஆண்டு இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால் இந்நோய்க்கு அவ்வூர்ப் பெயரே வழங்குகிறது.

தடுப்பு மருந்து இருவகைப்படும். உயிருள்ள கிருமி கொண்டது, உடலில் தானே பெருகி எதிர்ப்பாற்றலை எழுப்பும். கொல்லப்பட்ட கிருமி பெருகாது. ஆதலின் அதனுடன் எண்ணெய் சேர்க்கின்றனர். எண்ணெய், மருந்தை ஊசியிட்ட இடத்திலேயே நிறுத்திச் சிறிது சிறிதாக வெளியிடும். உடலின் காவல் அணுக்களையும் அங்கே வரவழைக்கும். முன்பே உயிர்மருந்து பெற்ற கோழிக்கு இதன் பயன் மிகுதி.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு இடுவர். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதனை ஓரளவு அடக்குமாதலால் அது மட்டும் போதாது. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் அரை மில்லி ஊசியும் வேண்டும்.

ஒரு குப்பியைப் பல கோழிகளுக்கு நீட்ட எண்ணி நீரை மிகுதியாகக் கலப்பது சிக்கனமன்று. குறையளவு பெற்ற கோழி காப்புற்றதுபோல் தோன்றி நோய்க்கு இரையாகும். வெயிலில் கெட்ட மருந்தும் அவ்வாறே. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணர்ந்து, கரைத்த இரண்டு மணிக்குள் செலுத்துக. அண்டை வீட்டார் கூடி, கால்நடை மருத்துவரைக் கொண்டு ஒரே நாளில் போடுவித்தால் குப்பியும் வீணாகாது, ஊரும் காக்கப்படும். அதுவே கூட்டுறவின் நெறி.