ஆர்டன் சிலிண்டர் ஹெட்

ஆர்டன் என்பது ஃபோர்டு பிளாட்ஹெட் வி-8 எஞ்சினுக்காக அமெரிக்காவில் 1947இல் உருவான மாற்று அலுமினிய சிலிண்டர் ஹெட் ஆகும். வடிவமைப்பாளர் சோரா ஆர்கஸ்-டன்டோவ். ஆர்கஸின் ‘ஆர்’, டன்டோவின் ‘டன்’ சேர்ந்ததே பெயர்.

பந்தயக் கார்ப் பொருளாகவே இன்று இதைப் பலர் அறிவர், செய்யப்பட்டதோ லாரிகளுக்காக. 1932இல் வந்த அந்த எஞ்சினில் வால்வுகள் பிளாக்கிலேயே இருந்தன. சூடான புகை, சிலிண்டர்களைச் சூழ்ந்த குளிர்நீர்ப் பகுதியின் ஊடே சென்றுதான் வெளியேற வேண்டும். பாரத்தோடு மேடேறும் லாரியில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்? ஆர்டனில் வால்வுகள் அரைக்கோள எரியறையின் மேலே அமைந்தன. புகை ஹெட் வழியாகவே நேரே வெளியேறியது. சூடு தணிந்தது, திறனும் கூடியது.

ஆனால் 1948இல் ஃபோர்டு தன் கனரக லாரிகளுக்குப் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்ததும் அந்தச் சந்தை போயிற்று. பிறகு இவற்றைத் தேடி வாங்கியவர்கள் பந்தயக்காரர்களே. இங்கிலாந்தின் ஆலார்டு கார்கள் சிலவற்றிலும் பொருத்தப்பட்டன.